ஈயம் போன அண்டாவில் திராட்சைச் சாறு

1. முதல் டம்ளர்

முதல் டம்ளர் ஜூஸை ஏழு மாதக் கர்ப்பிணி குடித்தாள். அதற்குக் கால் மணி நேரம் கழித்துத்தான் நான் ருசி பார்த்தேன். இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விசேஷங்களுக்குப் பழ ஜூஸ் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன்னால் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி கேண்டீனில் ஜூஸ் பகுதியில் பதினேழு வருடம் இருந்தேன். கேண்டீன் வேறு ஆள் கைக்குப் போனதும் வெளியே வந்துவிட்டேன். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு, நாத்தனார் செல்வியைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஆரம்பித்தேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் போனில் சந்தேகம் கேட்கிறார்கள். சப்ஜா விதை எவ்வளவு நேரம் ஊற வேண்டும், பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதை எழுதித்தான் சொல்ல முடியும்.

தொழில் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மே மாதம். உரக்கடை வைத்திருக்கும் சின்னச்சாமி அண்ணன் தன் மகள் பிரியாவின் வளைகாப்புக்கு ஆர்டர் கொடுத்தார். நானூறு பேர். அவர் கேட்டது ஒன்றுதான். பாட்டில் கூல்டிரிங்ஸ் வேண்டாம், கலர்ப் பொடி வேண்டாம், தன் மகள் பயமில்லாமல் குடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

பன்னீர் திராட்சை போடலாம் என்று முடிவு செய்தேன். கம்பம் பக்கத்துப் பழம் அந்தச் சமயத்தில் நன்றாக வந்துகொண்டிருந்தது. காம்பு ஆய்ந்து, உப்புத் தண்ணீரில் அலசி, தோல் வெடிக்கும் வரை லேசாக வேகவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டினோம். கூழ் மாதிரி இறங்கும் சாற்றில் ஆறிய பாகு, எலுமிச்சை, கொஞ்சம் இந்துப்பு சேர்த்தோம். சப்ஜாவும் புதினாவும் கடைசியில்தான் போட வேண்டும். ஐஸை ஜூஸுக்குள் போடுவது என் வழக்கம் இல்லை, பாத்திரத்துக்கு வெளியே சுற்றித்தான் அடுக்குவேன். வெளி ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. இதிலெல்லாம் நான் அவ்வளவு கவனம். பாத்திரத்தில் கோட்டை விட்டேன்.

2. அண்டா

காலை எட்டு மணிக்கு இரண்டு எவர்சில்வர் டிரம்களோடு மண்டபத்துக்குப் போனோம். ஜூஸ் வைக்கிற இடத்தில் வாழைக்கன்று கட்டி, செவ்வந்திச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் பெரிய பித்தளை அண்டா ஒன்று தங்கம் மாதிரி மின்னிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா நின்றார். சின்னச்சாமி அண்ணனின் அக்கா, பெயர் ராஜாமணி. டிரம்மில் இருப்பதை அண்டாவில் ஊற்றச் சொன்னார்.

"எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்தது தாயி. ரெண்டு நாளாப் புளி போட்டு வெளக்குனேன்."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஈயம் பூசியிருந்ததன் அடையாளம் விளிம்பில் மட்டும் வெள்ளையாக இருந்தது. அடியில் மஞ்சளாகப் பித்தளை பளபளத்தது. புளி போட்டுத் தேய்த்ததில் மிச்சம் இருந்த ஈயமும் போயிருந்தது. இதில் புளிப்பானதை ஊற்றினால் களிம்பு ஏறும், செம்பு கரைந்து விஷமாகும் என்று எனக்குத் தெரியும். கேண்டீனில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த விஷயம் அது. அந்த அம்மாவிடமும் சொன்னேன். எத்தனையோ வருடம் இதில் தண்ணீர் ஊற்றிக் குடித்திருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றார். தண்ணீர் வேறு, திராட்சையும் எலுமிச்சையும் வேறு என்று நான் விளக்க ஆரம்பிக்கும்போது சின்னச்சாமி அண்ணன் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரியாவுக்கு ரெண்டு வயசுல அவ அம்மா போயிருச்சும்மா. வளத்ததெல்லாம் அக்காதான். ஆனா இன்னைக்கு மேடையில ஏறி ஒரு வளையல் போட முடியாது. தாலி இல்லாதவன்னு சொந்தக்காரங்க ஒத்துக்கிற மாட்டாக. இந்த அண்டாவாவது இருந்துட்டுப் போகட்டும்."

அண்டாவை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. போட்டோக்காரர் வேறு, கூட்டம் வருவதற்குள் அண்டாவில் ஜூஸ் நிறைந்திருப்பது போல் ஒரு படம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். சரி, படம் எடுக்கிறவரை அண்டாவில் இருக்கட்டும், பத்து நிமிடத்தில் டிரம்முக்கே திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு டிரம்மை அண்டாவில் கவிழ்த்தேன். அப்போது மணி எட்டரை.

அடுத்த நிமிடம் போன் வந்தது. ஐஸ் வண்டி ஆரப்பாளையத்தில் பழுதாகி நிற்கிறது, ஆள் வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். செல்வி சமையல் கட்டில் சப்ஜா ஊற வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து ஓடினேன். போகிற வழியெல்லாம் ஐஸ் உருகிவிடுமே என்றுதான் பயந்தேன். திரும்பி வந்தபோது பத்தே முக்கால்.

3. கால் மணி நேரம்

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பிரியா பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயிலில் வந்தவர்கள் தாகத்தோடு இருந்ததால், எனக்காகக் காத்திராமல் செல்வி சப்ஜாவைப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். முதல் டம்ளரை ராஜாமணி அம்மா தன் கையால் மொண்டு, பிரியா மேடைக்குப் போகும் முன் அவளுக்குக் கொடுத்தாராம். செல்வி சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன். புளிப்புக்கும் இனிப்புக்கும் பின்னால், செம்பை நக்கியது மாதிரி ஒரு ருசி வந்து தொண்டையில் நின்றது. துப்பினேன். இன்னொரு கரண்டி எடுத்தேன். அதே ருசி. கூடையில் கிடந்த பேப்பர் டம்ளர்களை எண்ணினேன். பதினான்கு.

செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, சத்தம் காட்டாமக் கொட்டிருவோம். பதினாலு பேருதான. ஒண்ணும் ஆகாது. சொன்னோம்னா இந்த ஊர்ல யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாக."

அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்டாவை மூடினேன். வரிசையில் நின்றவர்களிடம், ஐஸ் இப்போதுதான் வந்திருக்கிறது, நன்றாகக் குளிரட்டும் என்று பொய் சொன்னேன். பிறகு தூணுக்குப் பக்கத்தில் நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பிரியா சிரித்தாள். நடுவில் ஒரு தரம் கைக்குட்டையால் வாயை ஒற்றினாள். வேர்வையைத் துடைக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தரம் ஒற்றினாள். தண்ணீர் கேட்டாள்.

சின்னச்சாமி அண்ணனைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் வந்திருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் அக்காவைத்தான் பேசுவார்கள், விசேஷம் முடியட்டும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சலசலப்பு. பிரியா வாந்தி எடுத்திருந்தாள்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வெக்கை என்றார் ஒருவர். பட்டுச் சேலை இறுக்கம் என்றார் இன்னொருவர். யாரோ எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். பிரியாவின் மாமியார், அந்தத் திராட்சை ஜூஸில் இன்னொரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார், குளிர்ச்சியாக இருக்குமாம். அதைக் கேட்டதும் ராஜாமணி அம்மா அண்டாவை நோக்கி ஓடினார். மூடியைத் திறந்து டம்ளரை உள்ளே விட்டார்.

நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். டம்ளர் கீழே விழுந்து என் சேலையெல்லாம் சாறு. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் ரகசியமாகச் சொல்ல வழி இல்லை.

"யாரும் குடிக்காதீங்க. இந்த ஜூஸ்ல களிம்பு ஏறிருச்சு. தெரிஞ்சும் நாந்தான் ஊத்துனேன். ஏற்கெனவே குடிச்சவக முன்னால வாங்க."

4. ஆஸ்பத்திரி வராண்டா

பிரியாவை அவள் கணவன் காரில் ஏற்றினான். நான் ஒரு தண்ணீர் பாட்டிலில் அண்டா ஜூஸைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. குடித்த மற்றவர்களை விசாரித்து உட்கார வைக்கும் பொறுப்பைச் செல்வியிடம் விட்டிருந்தேன். கொட்டிவிடலாம் என்று சொன்னவள், ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துப் பெயர் எழுதினாள்.

மருத்துவர் ஒரு பெண். என்ன பாத்திரம், எத்தனை மணி நேரம் ஊறியது, பிரியா எவ்வளவு குடித்தாள் என்று வரிசையாகக் கேட்டார். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் வெக்கை என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்திருப்பார்கள். வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டியில் ராஜாமணி அம்மா வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். மாமியார்க்காரி வராண்டாவின் அந்தப் பக்கம் நின்று, ஆகாதவர்கள் கை பட்டால் இப்படித்தான் என்று யாரிடமோ சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. ராஜாமணி அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"நாந்தான தாயி அம்புட்டுப் புளியையும் போட்டுத் தேச்சேன்," என்றார்.

நான் எழுந்து அந்த மாமியாரிடம் போனேன். இந்த அம்மாவுக்குக் களிம்பைப் பற்றித் தெரியாது, எனக்குத் தெரியும், அண்டாவைப் பார்த்ததுமே தெரியும், தெரிந்தே ஊற்றியவள் நான், பேச வேண்டியதை என்னைப் பேசுங்கள் என்றேன். அவர் பேசினார். நிறையப் பேசினார். கை கட்டிக்கொண்டு கேட்டேன்.

ஒரு மணி சுமாருக்குக் கதவு திறந்தது. துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். பாதி டம்ளர்தான் குடித்திருக்கிறாள், அதிலும் பெரும்பகுதி வாந்தியில் வந்துவிட்டது, ரத்தம் எடுத்திருக்கிறோம், சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார். நல்ல செய்திதான். ஆனால் சாயங்காலம் வரை என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் அந்தப் பெஞ்சில் இருந்தேன். நர்ஸ் வேகமாக நடந்தால் பயம். நடக்காவிட்டாலும் பயம். மற்ற பதின்மூன்று பேரில் இரண்டு பேருக்கு வாந்தி, ஒருவருக்கு வயிற்று வலி என்று செல்வி போன் செய்தாள். அவர்களையும் வரவழைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

இன்னொரு டிரம் ஜூஸ் மண்டபத்தில் நல்லபடியாகத்தான் இருந்தது. செல்வி அதில் ஒரு டம்ளர் பிடித்து எல்லார் முன்னாலும் தானே குடித்துக் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகும் ஒருவர்கூடத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஐந்து மணிக்குப் பிரியாவை அனுப்பினார்கள். வெளியே வந்தவள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை, நல்ல எடை என்று சின்னச்சாமி அண்ணன் போன் செய்து சொன்னார். அந்த இரண்டு மாதமும் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் உடனே எடுக்க மாட்டேன். இரண்டு மூன்று தரம் மணி அடித்த பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு எடுப்பேன்.

5. இதற்குப் பிறகு

அந்த வருடம் மேற்கொண்டு எங்களுக்கு நாலே நாலு ஆர்டர்தான் வந்தது. செல்வி சொன்னது ஓரளவு பலித்தது. ஆனால் அந்த நாலில் இரண்டு, மண்டபத்தில் அன்று இருந்தவர்கள் கொடுத்தது. அதில் ஒருவரிடம் ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தப்பு நடந்தால் நீங்கள் சொல்லிவிடுவீர்களே என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் உடனே சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு: எவர்சில்வர் தவிர வேறு எதிலும் பழச்சாறு ஊற்றாதீர்கள், படத்துக்காக இரண்டு நிமிடம் என்றாலும் கூடாது. அழகுக்கு அண்டா வேண்டும் என்றால் அதில் பூவை நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றும்போதும், பரிமாறும் முன்னாலும், இடத்தை விட்டு நகர்ந்து திரும்பும்போதும் நீங்களே ருசி பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆபத்தைக் கூட இருப்பவர்களிடம் சொல்லாமல் எங்கேயும் போகாதீர்கள். ஒருவர் மனம் நோகுமே என்று நினைத்து நான் ஊற்றினேன். கடைசியில் அதே அம்மாவைத்தான் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார வைத்தேன். காலையில் முடியாது என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் வருத்தப்பட்டிருப்பார்.

அண்டாவில் ஊற்றியதைக்கூட இரக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ருசி பார்த்த பிறகு தூணுக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கால் மணி நேரத்துக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. என் பேர் கெட்டுவிடுமே என்று நின்றேன். அந்தப் பெண் கைக்குட்டையால் வாயை ஒற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.