ஏழுமலையின் அரைஞாண்

"இவரை யார் செக் பண்ணது?" என்று டாக்டர் மேடம் கேட்டார். "நான்தான் மேடம்" என்றேன். ஸ்கேன் டெக்னீஷியனாக இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். அப்படி ஒரு அவமானம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மேசையில் படுத்திருந்தவர் ஏழுமலை, சிங்கவரத்து விவசாயி. கல்லீரலில் மூன்று சென்டிமீட்டர் கட்டி. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்ததால் ஆபரேஷன் தாங்காது. அவர் மனைவி அஞ்சலை, நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பது தெரிந்து, அதற்கு ஒரு வாரம் முன்பு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, வயித்தக் கிழிக்காம கட்டியச் சுட்டுருவாங்களாமே, நெசமா?"

நிஜம்தான். ஆர்.எஃப்.ஏ. என்போம். ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, ரேடியோ அலை மின்சாரம் பாய்ச்சி, அந்தச் சூட்டிலேயே கட்டியை வேகவைப்பது. "தைரியமா கூட்டியாங்கக்கா, நான் இருக்கேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா!

ஊசி வழியாகப் போகும் மின்சாரம் தொடையில் ஒட்டிய பேட் வழியாக வெளியே வரும். நடுவில் உலோகம் கிடந்தால் அந்த இடத்துத் தோல் வெந்துபோகும். "ஒடம்புல நகை எதனா இருக்குதாண்ணே?" என்று காலையிலேயே கேட்டிருந்தேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றார். பேட்டை அழுத்த இடுப்பைப் புரட்டினால், வெள்ளி அரைஞாண்!

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நகையே இல்லை. என் இடுப்பிலும் குழந்தையிலிருந்து கறுப்புக் கயிறு கிடக்கிறது. அதனாலேயே எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணே, இதக் கழட்டணும்."

"பொணத்துக்குத்தான்டா அரைஞாண அவுப்பாங்க. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்ன எழுப்பி வுடு, ஊட்டுக்குப் போறேன்."

ஒரு காலைக் கீழே போட்டும்விட்டார். போனால் திரும்பி வரமாட்டார். கட்டி இன்னும் கொஞ்சம் பெரிதானால் இந்த ஊசிக்கும் அடங்காது.

"அண்ணே, நம்ம ஊர்ல புதுசக் கட்டிட்டுத்தான பழச அறுப்போம்? இடுப்பு வெறுமையா இருக்காது."

"புதுசுக்கு இங்க எங்க போவ?"

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த மேடம், "கறுப்புக் கயிறுதானே? தையல் போடுற சில்க்க எடுங்க" என்றார். கறுப்புப் பட்டு நூல்! மூன்று இழையை முறுக்கினேன். வெளியே நின்ற அஞ்சலைக்கு கவுன் மாட்டி உள்ளே அழைத்து வந்தோம். கணவர் இடுப்பில் அவரே கட்டினார். அப்புறம்தான் வெள்ளிக்கொடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். ஏழுமலை காலை மேலே தூக்கிப்போட்டுப் படுத்தார்.

பன்னிரண்டு நிமிஷம். ஸ்கேனில் கட்டி வெள்ளை வெள்ளையாகக் குமிழிட்டது. முடிந்ததும் முதல் வேலையாகத் தொடையையும் இடுப்பையும் பார்த்தேன். தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அப்பாடா!

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: "நகை இருக்கா, மெட்டல் இருக்கா" என்று கேட்டு டிக் அடிக்காதீர்கள். கழுத்து, கை, இடுப்பு, கால் விரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தொட்டுப் பாருங்கள். நம் உடம்பிலும் இருப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து சி.டி. எடுத்தோம். கட்டி இருந்த இடத்தில் வெறும் தழும்பு. உயிரோடு ஒரு துளியும் இல்லை என்று மேடம் சொன்னதும் வராந்தாவுக்கு ஓடினேன்.

"அக்கா, செத்துப்போச்சு! கட்டி செத்துப்போச்சு!"

அஞ்சலை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வெள்ளிக்கொடி. ஒரு மாதமாகத் திருப்பிக் கட்டவே இல்லை.

"இத்தக் கேட்டுட்டுத்தான் கட்டணும்னு வெச்சிருந்தேன். சட்டையத் தூக்குய்யா!"

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார் ஏழுமலை.