கொறங்காட்டில் பத்துப் பெட்டைக்குட்டிகள்

1996, மாசி மாதத்துச் சனிக்கிழமை. போத்தனூரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது காலை ஆறு மணி. ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது அபூர்வம். அதைக் கொண்டுபோய் ஆட்டுப் பட்டியில் செலவழிப்பானேன் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அக்கா ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். நான் கூட நின்றால் தைரியமாக இருக்குமாம்.

விஷயம் இதுதான். அக்கா அருள்மேரியும் மச்சான் சவரிமுத்துவும் தாராபுரத்துக்குக் கிழக்கே, மூலனூர் ரோட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறார்கள். மச்சான் விவரம் தெரிந்த நாள் முதல் ஒரே நிலத்துக்காரரின் செம்மறிகளை மேய்த்து வருபவர். அந்த நிலத்துக்காரரைப் 'பண்ணாடி' என்றுதான் மச்சான் வீட்டில் எல்லோரும் அழைப்பார்கள். பண்ணாடிக்கு முட்டிவலி. மகனோடு கோயமுத்தூருக்கே போய்விடுவதென்று முடிவு செய்து, பட்டி முழுவதையும் ஒரு வியாபாரிக்குப் பேசிவிட்டார். வியாபாரி ஓட்டிப் போவதற்கு முன், மச்சான் தனக்கென்று பத்துப் பெட்டைக்குட்டிகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் குட்டிக்கு ஐந்நூறு ரூபாய். அக்கா சீட்டு எடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டாள். நாலு ஏக்கர் மேய்ச்சல் நிலமும் குத்தகைக்குப் பேசியாகிவிட்டது. நல்ல குட்டிகளாக அமைந்தால் நாலைந்து வருடத்தில் சொந்தப் பட்டி. அமையாவிட்டால் அக்கா பழையபடி அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கப் போக வேண்டும்.

சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ் பிடித்தேன். டிக்கெட் பதினொரு ரூபாய். தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சூலூர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் தறிச் சத்தம் வரத் தொடங்கிப் பல்லடம் வரை விடவில்லை. பல்லடத்துக்கு அப்பால் தறிகள் ஓய்ந்து, காற்றாலைகள் நின்றன. காற்றில்லாததால் ஒன்றும் சுற்றவில்லை. பக்கத்தில் இருந்தவர் சோமனூரில் தறி வைத்திருப்பவர், குண்டடத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறாராம். நான் போகும் காரியத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கொழுகொழுன்னு இருக்குதேன்னு புடிச்சுப்போடாதீங்க. அது கறிக்கு ஆகுமுங்க. பட்டிக்கு ஆகோணும்னா இடுப்பப் பாருங்க."

"பார்க்கிறது மச்சானுங்க. நான் சும்மா தொணைக்கு."

"அப்பச் சரிங்க," என்று தூங்கிவிட்டார்.

பத்தரை மணிக்குத் தாராபுரம். அங்கிருந்து டவுன் பஸ், பிறகு நடை. ரோட்டின் இருபுறமும் கொறங்காடு. உழவு ஓட்டாமல் புல்லுக்கென்றே விட்ட மானாவாரி நிலத்துக்கு இங்கே அப்படிப் பெயர். ஒவ்வொரு காட்டையும் சுற்றிக் கிளுவைமுள் வேலி, நடுவில் குடை பிடித்தது போல வெள்வேல மரங்கள். புல் காய்ந்து தவிட்டு நிறத்தில் இருந்தது. ஆடும் ஏறக்குறைய அதே நிறம் என்பதால், அசைந்தால்தான் ஆடு என்று தெரிகிறது.

அக்கா கொள்ளுப்பருப்பும் சோறும் போட்டாள். மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று கேலி செய்தேன். அக்கா சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டிக்குப் போனோம். மூங்கில் படல்களால் அடைத்த பட்டி. அதற்குள்ளேயே தடுத்து இன்னொரு சிறிய பட்டி. மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் பண்ணாடி இருந்தார். பக்கத்தில் பட்டியைப் பேசியிருந்த கன்னிவாடி வியாபாரி, தன் டி.வி.எஸ். வண்டியின் மேல் சாய்ந்து நின்றார்.

"வாங்க தம்பி. ரயில்வேலதானுங்களே இருக்கறீங்க?" என்று பண்ணாடி என்னை விசாரித்தார். மச்சான் பக்கம் திரும்பி, "சவரி, காவியக் கரைச்சு வெச்சிருக்குது. ஆரம்பி," என்றார். எனக்கு 'ங்க', அவருக்கு இல்லை. அந்த ஊரில் இதை யாரும் கவனிப்பதில்லை, நானும் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

மச்சான் வேலை செய்வதை அன்றுதான் அருகில் நின்று பார்த்தேன். குட்டியைக் காலிடுக்கில் நிறுத்தி, உதட்டை விலக்கிப் பல் பார்க்கிறார். கீழ்ப்பல் மேல் ஈறோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் புல் கடிக்காது. முதுகில் உள்ளங்கையை ஓட்டுகிறார். இடுப்பெலும்பின் குறுக்கே சாண் போடுகிறார். அகலம் இருந்தால்தான் குட்டி தடையில்லாமல் வெளியே வரும். காம்பு இரண்டும் ஒத்தாற்போல் இருக்கின்றனவா என்று தடவுகிறார். பின்னால் நின்று கால்களின் நேரைப் பார்க்கிறார். கடைசியாக அதன் தாயை நினைவுகூர்கிறார். எல்லாம் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள்.

"இதோட தாய் ரெண்டு குட்டி போட்டு ரெண்டுக்கும் பால் கொடுத்தவ, மாப்ள," என்று ஒரு நீண்ட முதுகுக்காரியைத் தட்டி உள்பட்டிக்குள் தள்ளினார். அடுத்தது நெஞ்சு குறுகி, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. கையைக் காவியில் முக்கி அதன் முதுகில் வைத்தார். நல்லவற்றை உள்ளே சேர்த்துவிட்டு, கடைசியில் அதிலிருந்து பொறுக்குவார் என்று நினைத்துக்கொண்டேன். காவி எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அப்படியே ஆறு குட்டிகளின் முதுகு சிவந்தது.

படலுக்கு வெளியே நின்ற அக்கா கத்தினாள்.

"ஏனுங்க! என்ன செஞ்சுபோட்டீங்க?"

"என்ன மேரி?"

"காவி வெச்சதுதான் நம்முளுதுன்னு பேச்சு. நல்லதையெல்லாம் உள்ள தள்ளிப்போட்டுக் கழிசலுக்குக் காவி வெக்கறீங்களே! உள்ள யாருக்குங்க நிறுத்தறீங்க?"

மச்சான் தன் சிவந்த கையைப் பார்த்தார். வருடாவருடம் மாசியில் இந்தப் பட்டியில் நடப்பது இதுதான். இனவிருத்திக்கு உதவாததற்குக் காவி வைத்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். உயர்ந்தது உள்பட்டியில் பண்ணாடிக்கு நிற்கும். இன்றும் கை அதையே செய்துவிட்டது.

"பண்ணாடி பட்டிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பண்ணாடிக்கு இனிப் பட்டி கிடையாது. உள்ளே நின்றதெல்லாம் சாயங்காலம் வியாபாரியின் லாரியில் ஏறி, மறுநாள் கறிக்கடைக்குப் போய்விடும்.

"காவி விழுந்தா விழுந்ததுதான், சவரி. உனக்குத் தெரியாததா?" என்றார் பண்ணாடி.

"கழுவினாப் போயிருமேங்க," என்றேன்.

"ஆட்டு மேல இருந்து போயிரும் தம்பி. பேச்சுல இருந்து போகாதுங்க. அவரு நிக்கறாரு பாருங்க."

வியாபாரி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். இருவரும் முதல் குட்டியிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. பார்சல் ஆபீஸ் கோபம் அங்கே செல்லாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அக்கா படலை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். காவிச் சட்டியைக் கையில் எடுத்தாள். "இன்னும் நாலு இருக்குது. எதுன்னு நீங்க சொல்லுங்க, நான் வெக்கறேன்."

மச்சான் உள்பட்டியைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார். எந்த நாலு என்பது அவருக்குத் தெரியும். அதைப் பண்ணாடி முன்னால் தனக்கென்று கேட்க வாய் வரவில்லை. அக்கா நகர்ந்து கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அங்க என்ன பார்வை? என்னையப் பாருங்க."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீண்ட முதுகுக்காரி முதலில். அதன் கூடப்பிறந்தது. நெற்றியில் சுழி உள்ளது. கடைசியாக, ஓரமாக நின்ற ஒரு சின்னது. "அது இன்னும் பால்பல்லுதான். ஆனா இந்தப் பட்டியிலயே அதுதான் ஒசத்தி," என்றார். நாலு முதுகிலும் அக்காவின் கை பதிந்தது. பண்ணாடி எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் பத்தையும் குத்தகைக் காட்டுக்கு ஓட்டி வந்துவிட்டோம். அந்த ஆறை வளர்த்து ஆடிக்கு விற்றுவிட்டு வேறு பிடிக்கலாம் என்று அக்கா வழியிலேயே கணக்குப் போட்டாள். புதுப் பட்டியில் மச்சான் ஒரு படலைக் குறுக்கே வைத்து, நாலை மட்டும் உள்ளே விட்டார். பிறகு அங்கேயே நின்றார்.

"வாங்க மச்சான், காப்பி ஆறுது," என்றேன்.

"இல்ல மாப்ள. உள்ள நிறுத்தினா பண்ணாடியக் கூட்டியாந்து ஒவ்வொண்ணாக் காட்டுவேன். அதான்..."

அக்காவின் காதில் விழுந்திருக்க வேண்டும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"காட்டுங்க. நான் பார்க்கறேன்."

அவர் குனிந்து அந்தச் சின்னதைப் பிடித்து, உதட்டை விலக்கிக் காட்டினார். முதுகைக் காட்டினார். இடுப்பின் குறுக்கே சாண் போட்டுக் காட்டினார். அக்கா தலையாட்டிக் கேட்டாள். நாலும் முடிவதற்குள் காப்பி முழுக்க ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கோவை பஸ் காலியாக நின்றது. ஏறி, கடைசி வரிசையில் சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் அப்போது வேறு யாரும் இல்லை. முன்னால் சீட்டெல்லாம் காலியாக இருக்க, யாரும் சொல்லாமலே கால் என்னை இங்கே கொண்டுவந்திருந்தது. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், முன்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன்.