கண்ணீர் இல்லாத ஜப்பான் பாட்டு

யாராவது என்னைப் பார்த்து "ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் ஜப்பானியப் பாடகிகளும் என் அப்பாவும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. அப்பாவின் பனியன் கம்பெனிக்குப் புதிதாக ஒரு யூனிட் திறக்க ஏற்பாடாகியிருந்தது. ஜப்பானுக்குக் குழந்தைகள் உடுப்பு தைத்து அனுப்பும் யூனிட். அங்கே சரக்கு வாங்கும் பையரே திறப்பு விழாவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஓர் ஆசை பிறந்துவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் ஜப்பான் மொழியில் ஒரு பாட்டுப் பாடி அவரை வரவேற்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் என்றால் நானும் தம்பியும். அந்த மொழியில் எங்களுக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது என்பதை அப்பா ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத்தான் அத்தை இருந்தாரே.

அத்தை அப்பாவின் தங்கை. மங்கலத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். கம்பெனி ஆபீசில் ஷிப்மெண்ட் வேலைகளைப் பார்த்துக்கொண்டே, பையருக்கு அவர் மொழியிலேயே மெயில் எழுத வேண்டும் என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து ஜப்பான் மொழி படித்தவர். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் காதில் ஏதாவது ஒரு ஜப்பானியப் பாடகி பாடிக்கொண்டிருப்பாள்.

"பொம்பளைங்க பாட்டுத்தாங் கண்ணு உங்களுக்கு ஒத்து வரும். ஆம்பளைங்க பாட்டுன்னா குரலு கெணத்துக்குள்ள எறங்கற மாதிரி எறங்கோணும்" என்று அத்தை முதல் நாளே முடிவு சொல்லிவிட்டார். சக்கரம் வைத்த ஒரு பெரிய ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வீட்டுக்கு வந்தன. அத்தையின் போனில் குரல் இல்லாமல் இசை மட்டும் ஓடும். அதற்கு நாங்கள் பாட வேண்டும். இதற்குப் பெயர் கரோக்கி என்றார்கள். பள்ளிக்கூடமே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

பொம்பளைங்க பாட்டும் எங்களுக்கு ஒத்து வரவில்லை. ஒரு பாடகி ஆரம்பத்தில் நம் வீட்டு வாசலில் நடப்பதுபோல் நடப்பார். பல்லவி வந்ததும் காற்றாலை உச்சியில் ஏறி நின்றுகொள்வார். அத்தை போனில் எதையோ அழுத்திச் சுருதியை இறக்கினால், ஆரம்ப வரிகளில் என் குரல் எருமைக் குரலாகிவிடும். இன்னொருத்தி மூச்சே விடாமல் ஒரு வரிக்குள் ஒரு பக்கத்துச் சொற்களைத் திணித்துவிடுவாள். தம்பி அவற்றில் பாதியை விழுங்கிவிடுவான். போதாததற்கு அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் தம்பி அதைத் தறிச் சத்தத்தின் தாளத்துக்கே பாடினான்.

"அவங்க பேச்சுல ல-வே இல்ல சாமி. நீ எங்கிருந்து கொண்டாந்து போடறே?" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஒருவழியாக ஒரு கார்ட்டூன் பாட்டு எனக்கு அமைந்தது. என் குரலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தம்பிக்குக் கத்தவும் அதில் இடம் இருந்தது. பனியன் பெட்டி அட்டையில் அத்தை தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்க, நான் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். அப்பாவிடம் பாடிக் காட்டினோம். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அர்த்தம் என்ன?" என்றார்.

"கண்ணீரத் தொடச்சுக்கிட்டு ஓடுன்னு அர்த்தமுங்ண்ணா."

"கண்ணீரா? தொறப்பு விழாவுலயா? வேண்டாம் அம்மணி."

"தொடச்சுக்கத்தானுங்ண்ணா சொல்றா."

"தொடைக்கோணும்னா மொதல்ல வரோணுமல்ல?"

பாட்டு போயிற்று. அடுத்து அத்தை கொண்டுவந்ததில் பூ உதிர்ந்தது. "புது யூனிட்டுல பூ உதுருதுன்னா பாடுவாங்க?" என்று அப்பா அதையும் தள்ளினார். அதற்கடுத்ததில் ரயில் நிலையத்தில் இரண்டு பேர் பிரிந்தார்கள். இன்னொன்றில் ஒருத்தி தனியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை நல்லதுதானே என்றார் அத்தை. தனியாக எதற்குப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அத்தை ஒவ்வொரு முறையும் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். மறுநாள் வேறொரு பாட்டோடு வருவார். நான்தான் தரையில் காலை உதைத்து அழுதேன். எத்தனை பாட்டைத்தான் ஒருத்தி மனப்பாடம் செய்து மறப்பது! பொய்யாக ஓர் அர்த்தம் சொன்னால்தான் என்ன என்று அத்தையிடமே கேட்டேன்.

"சொல்லலாங் கண்ணு. ஆனா பையருக்குப் புரியுமல்ல?" என்றார்.

கடைசியில் வந்தது மெதுவான ஒரு பாட்டு. நேரமானாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வா, ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். "வெளக்கு. நல்ல வார்த்தை" என்று அப்பா உடனே ஒப்புக்கொண்டார். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. தாலாட்டு மாதிரி இழுத்தது. பல்லவி எட்டாமல் போகவே, அத்தை தன் போனில் சுருதியை இறக்கி எனக்கென்றே ஒரு பதிவு செய்து வைத்தார். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று விடுமுறை முழுவதையும் அந்தப் பாட்டிலேயே கரைத்தார்.

விழா அன்று காலை, புது யூனிட்டில் தையல் மெஷின்களை ஓரமாக ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு பையர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, மெலிந்த உடம்பு. அம்மாவும் பெரியம்மாவும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். அத்தை எல்லோருக்கும் பின்னால், பேக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றார். உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து அவர் திரும்பி வந்த பிறகு, எந்த நல்ல காரியத்திலும் அவரை நான் முன்னால் பார்த்ததில்லை. பின்னால் நில் என்று யாரும் சொன்னதில்லை. முன்னால் வா என்றும் சொன்னதில்லை. அத்தைக்குப் பின்னால் நிற்பதுதான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். பையரைக் கண்டதும் தம்பி வாயை மூடிக்கொண்டான். அப்புறம் அவன் வாயைத் திறக்கவே இல்லை. இசையைப் போட வந்த ஆள், அத்தையின் போனைத் தேடாமல் அப்பாவின் போனிலிருந்து பாட்டை ஓடவிட்டார். அதில் சுருதி இறக்கவில்லை. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ சமாளித்துப் பல்லவிக்கு வந்தேன். என் குரல் மேலே போய்க் கிழிந்து நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். இசை மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னாலிருந்து பல்லவி கேட்டது. அத்தை நின்ற இடத்திலேயே பாடினார். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாடிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார். ஒரு கையை என் தோளில் வைத்தார். நான் எட்ட முடியாத இடங்களுக்கெல்லாம் அவர் சிரமமே இல்லாமல் போய் வந்தார். செக்கிங்கில் வேலை செய்யும் அக்காமார்கள்கூட அசையாமல் நின்றார்கள். பெரியம்மா அம்மாவின் காதில் ஏதோ சொல்லப் போக, அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் பையர் எழுந்து அத்தைக்கு நேராக நின்று இடுப்பு வளையக் குனிந்தார். அத்தையும் அதேபோல் குனிந்தார். அப்பா தாமதமாகத்தான் கை தட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. விடுமுறையைத் தொலைத்தவள் நான். மாலை விழுந்தது அத்தையின் கழுத்தில். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை எம் பாட்டப் பாடிட்டாங்க. நீங்க கேக்க மாட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. தன் ஸ்கூட்டியை எடுக்கப் போன அத்தையைக் கூப்பிட்டார். "வண்டி இங்கயே கெடக்கட்டும் அம்மணி. கார்ல வா." அத்தை வழக்கம்போல் பின்கதவைத் திறந்தார். "அங்க இல்ல. முன்னால உக்காரு."

முன் இருக்கை என்னுடையது. அம்மாகூட அதில் உட்கார்ந்ததில்லை. ஒரே நாளில் என் பாட்டையும் என் இடத்தையும் எடுத்துக்கொண்ட அத்தைமேல் கோபம் தாங்காமல், மங்கலம் வரும்வரை பின்னாலிருந்து அந்த இருக்கையைக் காலால் உதைத்துக்கொண்டே வந்தேன். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். காரில் என்னை ஒருவர்கூட அதட்டவில்லை. ஏன் அதட்டவில்லை என்பதுதான் எனக்கு அன்று எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.