கல்லு மாதிரி ஒரு பிரேக்

எங்கள் காரின் பிரேக்கைப் பாராட்டாதவர் அன்று ஆவடி குவார்ட்டர்ஸில் ஒருவரும் இல்லை.

அப்பா வாங்கிய பழைய கார் அது. பெடலை மிதித்தால் சேற்றில் கால் வைத்தது போல உள்ளே போகும். மண்ணூர்பேட்டையில் லேத் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சின்னதாக இருப்பதுதான் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னார். ராட்சச வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பெரியது எதுவானாலும் நல்லதுதான். ஒரு வேனின் சிலிண்டரை இருவரும் காரில் மாட்டினார்கள்.

"கல்லு மாதிரி கீது மாமா," என்று மாமா அப்பாவிடம் அறிவித்தார்; அக்காள் புருஷனான அப்பா அவருக்கு மாமா. அக்கம்பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராக ஏறி, மிதித்து, மெச்சிவிட்டு இறங்கினார்கள்.

அம்மா கற்பூரம் காட்டிச் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பழத்தை நசுக்கிவிட்டு கார் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் அப்பா, பின்சீட்டில் நான். பழம் நசுங்கியது, கார் நிற்கவில்லை. சரிவில் மெயின் ரோட்டைப் பார்த்து உருண்டது. கைபிரேக் எப்போதோ செத்துப்போயிருந்தது. மாமா முன்னால் பாய்ந்து பானட்டில் கைவைத்துத் தள்ளியபடி பின்னோக்கி ஓடினார்.

"மிதி மாமா."

"மிதிச்சிகினுதான்டா கீறேன்."

பிள்ளைகள் கூவிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். நான் கைதட்டினேன். அப்பா சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு காலாலும் பெடல்மேல் நின்றார். கார் நின்றபோது மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி போனது. இதை எழுதும்போதும் என் வலது கால் தரையை அழுத்துகிறது. இப்போது என் வீட்டிலும் கார் ஓட்டும் பிள்ளை உண்டு.

அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து சேர்ந்தாள். "நின்னுகினு இருந்த வண்டில மிதிச்சிப் பாத்துட்டுத்தான் அத்தினி பேரும் நல்லா கீதுன்னு சொன்னீங்களா?"

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு தெருவே சிரித்தது. சிலிண்டர் பெரிதானால் பெடல் கல்லாகும், ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் குறையும் என்றும், பழையதில் தேய்ந்திருந்தது ஒரு ரப்பர் வாஷர் மட்டுமே என்றும் பிற்பாடுதான் தெரிந்தது.

காரை எல்லோரும் ஊர்வலமாகத் தள்ளி வந்தார்கள். இன்னொரு தடவை போகலாம் என்று நான் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டை நனைந்திருந்தது. வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லோரும் காபிக்குப் போன பிறகும் அப்பா இரண்டு காலையும் பெடலில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். புது பிரேக்கை விட்டு இறங்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.