பாத்திரக் கடை டிரம்மர்

செய்தி எங்கள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் மெட்ரோவில் இருந்தேன். "நம்ம டிரம்மர் போயிட்டார்" என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்கு மேலே வேறு யாரோ அனுப்பிய காலை வணக்கம், சூரியகாந்திப் பூவோடு. ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கினேன். அலுவலகம் போய், முந்தைய நாள் பாதியில் விட்ட வேலையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வருடமாக அவர் அடையாறில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிர்ச்சி இல்லை. உடம்புதான் கனத்தது.

அவர் வாசித்த ராக் இசைக் குழு, நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் தொடங்கியது. நான்கு பேர். தமிழில் பாடினார்கள், காது அடைக்கிற சத்தத்தில். பெரிய பெயர் எதுவும் வரவில்லை. பாட்டுக்காரர் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். டிரம்மர் தி. நகரில் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தார். ஆனாலும் வருடத்துக்கு நான்கைந்து முறை எங்காவது ஒரு சின்ன அரங்கத்தில் வாசிப்பார்கள். நாங்கள் போவோம். கல்யாணம், பிள்ளைகள், மூட்டுவலி எல்லாம் வந்த பிறகும் போனோம். கடைசியாகப் பார்த்தபோது அவர் தலையில் தொப்பி போட்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நாங்கள் கைதட்டிக்கொண்டே இருந்தோம், அவருக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று.

தோழி கூப்பிட்டாள். கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கல்லூரியிலிருந்தே எல்லாக் கச்சேரிக்கும் என்னோடு வந்தவள்.

"போறோமாடி?"

"போகாம?"

"எனக்கு என்னமோ நிக்கவே தெம்பு இல்ல."

"எனக்கும்தான். வா."

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வீடு கடைக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். கடையை அடைத்துவிட்டதால் ஊழியர்கள் சீருடையோடு அப்படியே வந்திருந்தார்கள். நாற்பது பேராவது இருக்கும். பெண்கள் பலர் வாய்விட்டு அழுதார்கள். எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மர் ஓரமாக எங்கள் ஆட்கள். பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் குழுவின் பெயர் போட்ட கறுப்பு டீ சர்ட்டில். வயிற்றில் அது இறுகியிருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. இறந்தவருக்கு நாங்கள் என்ன வேண்டும் என்று எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

அவருடைய அக்கா வெளியே வந்து எங்களைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பேச்சு இன்னும் மாறவில்லை.

"நீங்கள்லாம் யாரும்மா? கடைக்கு வாரவங்களா?"

"இல்லக்கா," என்றாள் தோழி. "அண்ணன் டிரம்ஸ் வாசிப்பாங்கல்ல. அதைக் கேக்க வருவோம்."

"எவ்வளவு நாளா?"

"காலேஜ்ல இருந்து."

அக்கா எங்கள் நரைத்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மொட்டமாடியில போட்டு அடிப்பான். அப்பா வையாத நாள் கெடையாது. அதுக்கா இத்தனை பேரு?" என்றார். பிறகு, "வெயில்ல ஏன் நிக்கிய? உள்ள வாங்க. மோர் இருக்கு, குடிங்க" என்றார்.

உள்ளே போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தார். பாட்டுக்காரர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்களில் ஒருவர் அவர் அருகில் குனிந்து, "நாங்க ஒரு பாட்டுப் பாடட்டுமாண்ணா? நீங்க ஆரம்பிச்சா போதும்" என்றார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சாப்டீங்களா எல்லாரும்?" என்றுதான் கேட்டார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

சாவு மேளம் வந்தது. கடை ஊழியர்கள் ஏற்பாடு செய்தது. அடிப்பவர்களும் களைத்துப்போய்த்தான் வந்தார்கள். மேளத்தைச் சூடு காட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் டீ சர்ட்டைப் பார்த்து, "இன்னா சார், கட்சி ஆளுங்களா?" என்றார்.

"இல்லைங்க. அவர் டிரம்ஸ் வாசிக்கிறவரு. நாங்க அவரோட ரசிகருங்க."

"டிரம்ஸா? அட, நம்ம ஆளு!" அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "டேய், வாசிக்கிறவராம்டா. காலைலயே சைதாப்பேட்டைல அடிச்சுட்டு வர்றோம் சார், கை உட்டுப்போயி கீது. பரவால்ல."

அவர்கள் அடித்தார்கள். வயிற்றுக்குள் இறங்குகிற அடி. கறுப்பு டீ சர்ட் போட்ட ஒருவர், கணக்குத் தணிக்கையாளராக வேலை பார்ப்பவர், கச்சேரியில்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவர், செருப்பைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் ஆடத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. எடுக்காமல் ஆடினார். கடைப் பையன்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். யார் யாருடைய ஆள் என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரை வண்டியில் ஏற்றினார்கள். ஆட்டம் கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுப் பக்கமாக நகர்ந்து, தெருமுனையில் மறைந்தது.

பெண்கள் நின்றுவிட்டோம். வீட்டைக் கழுவிவிட வேண்டும். நானும் தோழியும் தெருவில் கிடந்த பூவைக் கூட்டினோம்; நாற்காலிகளை அடுக்கினோம். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தண்ணீர் ஊற்ற, நான் துடைப்பத்தால் தள்ளினேன். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, சின்ன அண்ணாச்சி அடிச்ச பாட்டு போன்ல இருக்கா?" என்று கேட்டாள்.

தோழி எடுத்துப் போட்டாள். ஏழெட்டுப் பெண்கள் ஈரத்தரையைச் சுற்றி நின்று கேட்டார்கள். போனில் பாட்டுக்காரரின் குரல் மட்டும்தான் தெளிவாக வந்தது. டிரம்ஸ் எங்கோ தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டது.

"இதுல அண்ணாச்சி எங்கக்கா?"

"பின்னாடி வருது பாரு. டக், டக்குன்னு."

அவள் போனை வாங்கிக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இருக்கு" என்றாள். பாட்டு முடியும்வரை தரவில்லை. மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக் கேட்டார்கள். ஒருத்தி மட்டும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன பாடுறாருன்னு புரியல" என்றாள். தோழி சிரித்துவிட்டாள். அன்று காலையிலிருந்து முதல்முறையாக. சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள். கடைப் பெண் அவள் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போனேன். கணவர் வெளியிலிருந்து, "வெந்நீர் போட்டிருக்கேன், மெதுவா குளி" என்றார். மக்கில் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினேன். இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தபடி, சுவரில் சாய்ந்து, தண்ணீர் ஆறும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.