இடது பக்கத்துப் பெட்டி

தண்ணீர் மோட்டார் செய்கிற அந்தக் கம்பெனியில் “காதைக் கூப்பிடு” என்றால் ஒரு ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம். மோட்டார் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அதை ஓடவிட்டு, பக்கத்தில் குனிந்து, பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர் அவர். தலையாட்டினால் போகும், உதட்டைப் பிதுக்கினால் திரும்பப் பிரிக்க வேண்டும். முதலாளியே அந்த உதட்டைத்தான் பார்ப்பார். சம்பளம் சுமார்தான் என்றாலும் பெயர் பெரிய பெயர். மகளுக்கு நல்ல இடம் அமைந்ததும் அந்தப் பெயரால்தான்.

மகளைக் கட்டியவனின் அப்பா, அதாவது சம்பந்தி, அதே கம்பெனியில் ஃபோர்மேன். அதற்கு முன்னாலேயே இவர் பெண்டாட்டிக்குச் சின்னம்மா வழியில் அண்ணன் முறை. ஆக வேலையிலும் மேலே, உறவிலும் மேலே, பெண்ணைக் கொடுத்த வகையிலும் மேலே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான். நல்ல மனுஷன், அதுதான் இன்னும் கஷ்டம்.

சங்கதி என்னவென்றால், காதுக்கு இடது காது போய்விட்டது. போன வருஷம் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தபோது அந்தப் பக்கம் கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிட்டது. நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்றார் டாக்டர். வெளியே தெரிந்தால் மறுநாளே பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள். இத்தனை நாளில் எத்தனை மோட்டார் தப்பாகப் போனதோ என்று பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சு நேராக மகள் வாழ்கிற வீட்டில் போய் உட்காரும். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச மாதம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, பெயரோடு இறங்கிவிடலாம் என்று இருந்தார். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னால் அவள் அண்ணனுக்குச் சொன்ன மாதிரி. மோட்டார் மேல் விரலை வைத்து, அதிர்வைப் பிடித்துச் சொல்லப் பழகிக்கொண்டார். பார்த்தவர்கள் வயசு ஏற ஏற வித்தையும் ஏறுகிறது என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் சம்பந்திக்குப் பாட்டு ஆசை வந்தது. சின்ன மகன் வெளியூர் வேலைக்குப் போனதில் ஒரு அறை காலியாகியிருந்தது. அதில் ரெண்டு ஸ்பீக்கரும் ஒரு சாய்வு நாற்காலியும் போட்டு, நிம்மதியாகப் பழைய பாட்டுக் கேட்க வேண்டும். கையில் இருப்பது கொஞ்சம், அதற்குள் முடிய வேண்டும். கூட வந்து எடுத்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார். முதுகுவலி என்று சொல்லிப் பார்த்தார் இவர்; உட்கார்ந்து கேட்கிற வேலைக்கு முதுகு எதற்கு என்று சிரித்துவிட்டார் சம்பந்தி.

கடையில் இவரை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பக்கம் ஒன்று. பாட்டுக்காரி நடுவில் நிற்கிற மாதிரி இருக்கிறதா சார் என்று கடைக்காரன் கேட்டான். இவருக்கு எந்த ஜோடியைப் போட்டாலும் எல்லாரும் வலது பக்கமே வந்து நின்று பாடினார்கள். எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தார். கடைக்காரன் தலையில் கட்டப் பார்த்த பெரிய பெட்டி, பாட்டு ஏறியதும் நடுங்கியது. மூலையில் கிடந்த சின்னது கனமாக, அசையாமல் இருந்தது. விலையும் பாதி.

“இதை எடுங்க சம்பந்தி. சின்ன ரூமுக்கு இது போதும்.”

சம்பந்திக்கு வாயெல்லாம் பல். வருகிற வழியெல்லாம் பார்த்தவர்களிடம், கையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அறையைப் பார்க்கக் கூப்பிட்டார். மகள் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பாட்டு ஓடியது. சம்பந்தி கொஞ்ச நேரம் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டும் சமமா வருதா?”

“சமமாத்தான் வருது.” வேறு என்ன சொல்வார்?

சம்பந்தியின் முகம் விழுந்துவிட்டது.

“எனக்கு இடது பக்கம் ஒண்ணுமே வரல சம்பந்தி. நீங்க வருதுங்கறீங்க. அப்ப என் காதுதான் போயிடுச்சு. எங்கப்பாவும் இப்படித்தான் கடைசியில டமாரச் செவிடா ஆனார். நேத்து கேட்டப்பவே ஒரு பயம் இருந்துச்சு, அதான் முதலாளிகிட்ட உங்களைப் பத்திப் பேசிட்டேன். ஃபோர்மேன் காது போனாலும் பரவாயில்லைங்க, டெஸ்டிங்ல அவர் இருக்கணும்னு. உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சாச்சு.”

இவர் எழுந்தார். கால் தானாக இடது பெட்டியிடம் போனது. மேலே கையை வைத்தார். கல்லு மாதிரி கிடந்தது. பின்னால் தடவினால் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

கையில் ஒயரோடு நின்றார். மாட்டினால் அந்தப் பக்கமும் பாட்டு வரும். இத்தனை நேரம் தனக்கு எப்படிக் கேட்டது என்ற கேள்வியும் கூடவே வரும். மாட்டாமல் விட்டால் இந்த மனுஷன் நாளைக்கு டாக்டர் வாசலில் போய், இல்லாத நோய்க்கு உட்கார்ந்திருப்பார். அப்பாவைப் பற்றிச் சொன்னபோது குரல் உடைந்ததே, அதுதான் இவரை என்னவோ செய்தது.

மாட்டினார்.

சம்பந்தி துள்ளி நிமிர்ந்தார். “வருது!” முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் அந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. இவரைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“போன வருஷம், காய்ச்சலுக்கப்புறம். இந்தப் பக்கம் மட்டும். நாளைக்கே முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்.” சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

“சொல்லி?” என்றார் சம்பந்தி. “உங்களுக்காக நான் வாக்கு குடுத்திருக்கேன். ஒரு வருஷமா செவிட்டுக் காதை வெச்சு மோட்டார் பாஸ் பண்ணியிருக்கான், ஃபோர்மேன் தூங்கிட்டிருந்தானான்னு என்னைத்தானே கேப்பாங்க? பொண்ணு இந்த வீட்டுல இருக்கா. வெளிய ஒரு வார்த்தை வரக்கூடாது.”

“மூணு வருஷமா, சம்பந்தி?”

“மூணு வருஷம்.”

இறங்கின மூட்டை திரும்ப ஏறியது. இப்போது அதை அவிழ்த்து வைக்கவும் வழியில்லை. வெளியே மகள் மாமியாரோடு ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சம்பந்தி கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். தன் நாற்காலியைத் தூக்கி இவருக்கு வலது பக்கம் போட்டு, நெருங்கி உட்கார்ந்தார்.

“அடுத்த பாட்டு எது போடட்டும்?” என்று தணிந்த குரலில் கேட்டார்.