தாராபுரத்தில் காத்திருந்தவர்

இதில் வரும் பெயர்கள் எதையும் நான் மாற்றவில்லை. ஒரு பெயரை மாற்றியதால்தான் எனக்கு இதெல்லாம் நடந்தது. தேதி, கிழமை, மணி எல்லாவற்றையும் அப்போதே ஒரு டைரியில் குறித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வருஷம் 1999. எனக்கு இருபத்து மூன்று வயது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் என் அத்தா அப்துல் முத்தலிப்புக்குச் சின்னதாக ஒரு குடைக்கடை இருந்தது. மதியம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு காந்திபுரம் போவேன். அங்கே தாமஸ் அண்ணன் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஆறு கம்ப்யூட்டர். மூன்றாம் நம்பர் என்னுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அஃபான். ஆனால் சாட் ரூமில் நான் கண்ணன். முந்தின வருஷத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊரில் என் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் ஒரு கணம் மாறும். வாடகைக்கு வீடு கேட்டாலும் மாறும், வேலை கேட்டாலும் மாறும். கம்ப்யூட்டரில் யார் முகமும் தெரியாது. தினமும் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பேசிவிட்டு, மறுபடி அஃபானாகி வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது.

அங்கேதான் பாலுசாமி கிடைத்தார். ஊர் தாராபுரம். என் வயதுதான். சொந்தப் பெயரிலேயே பேசினார். இருதயத்தில் ஓட்டை இருந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தார். பொழுது போகட்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டு எட்டு மாதம் பேசினோம். கடைசி வரைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசினோம். அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. நான் குடைக்கடையையும் காந்திபுரம் சென்டரையும் பற்றி அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன், ஆனால் என் பெயரையே மறைத்திருந்தேன்.

ஜூலை கடைசியில் அவர் கேட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். பயமாக இருக்கிறது, அதற்கு முன்னால் உங்களை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி, தாராபுரம் பஸ் ஸ்டாண்ட். நீலக் கட்டம் போட்ட சட்டையில் நிற்பேன் என்றார். கட்டாயம் வருகிறேன் என்று தட்டினேன்.

நான் போகவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது வரைக்கும் உண்மை. டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார். 11.25. கண்ணனுக்காகக் காத்திருப்பவர் முன்னால் அஃபானாகப் போய் நின்று, அவர் முகமும் மாறிவிட்டால்? இருந்தது அந்த ஒரே நட்பு. இறங்கிவிட்டேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று போய் உட்கார்ந்தேன். அவர் சாட்டில் இல்லை. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. அவர் வீட்டு போன் நம்பர் எனக்குத் தெரியாது. முகவரி தெரியாது. கேட்டால் அவரும் என்னுடையதைக் கேட்பார் என்று நான் கேட்டதே இல்லை. கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய குடையை இன்னொருவருக்குக் கொடுத்தேன். அத்தா திட்டினார்.

ஆகஸ்ட் 12, வியாழன், 1.20 மணிக்கு ஒரு மெயில் வந்தது.

'நான் இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கேனுங்க.'

எங்கே என்று கேட்டு உடனே பதில் போட்டேன். மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

17, செவ்வாய், 1.25.

'வெயில் தாங்கலைங்க. சீக்கிரம் வாங்க.'

20, வெள்ளி, 1.32.

'நீங்க வரலைன்னா நான் வாரேனுங்க.'

அடுத்த ஞாயிறு, 22ஆம் தேதி, பொள்ளாச்சியில் கூட்டாளிக்குக் கல்யாணம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் மூஞ்சியில் காறித் துப்பினாலும் சரி, பெயரைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

தாராபுரத்தில் பஸ் நின்றபோது மணி சரியாக இரண்டு.

நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒல்லியான உடம்பு. நிழலில் அத்தனை பேர் ஒதுங்கியிருக்க, அவர் மட்டும் நட்ட நடு வெயிலில் நின்றிருந்தார். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. சட்டையின் ஒரு பக்கம் பூராவும் மண். முழங்கையிலும் மண்.

"கண்ணனுங்களா? சாப்டீங்களா?" என்றார்.

தினமும் அவர் சாட்டில் முதலில் தட்டுவது அதுதான். எனக்கு அழுகை வந்தது. இருந்தாரே... உயிரோடு இருந்தாரே.

எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு டீ சொன்னேன். ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் மேஜை மேல் விரல்களைத் தட்டினார். டக்... டக் டக்... டக்.

"எனக்கு மழைன்னா உசுருங்க. ஜன்னல்கிட்டயே உக்காந்துக்குவேன்."

வெளியே வெயில் கொளுத்தியது. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

டக்... டக் டக்.

"ரயில்ல போனதே இல்லைங்க. ஒருவாட்டி ஈரோடு ஜங்ஷன் வரைக்குமாச்சும் போகோணும்."

எங்கேயோ கேட்டது போல் இருந்தது. யோசித்தேன். கேட்டதில்லை... படித்திருக்கிறேன். மழையைப் பற்றி அவர் டிசம்பரில் தட்டியது. ரயிலைப் பற்றித் தட்டியது பொங்கல் சமயத்தில். அப்படியே. ஒரு எழுத்து மாறாமல்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் பழைய வரிகள்தான் வந்தன. டீயில் ஆடை படிந்துவிட்டது. அவர் தொடவே இல்லை.

மணி 2.35. அவர் எழுந்து நடந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் போனேன். அமராவதி ஆற்றுப் பக்கமாக ஒரு சந்து. ஆள் நடமாட்டம் இல்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது... விசில் மாதிரி. உள்ளே போகும்போது மட்டும். வெளியே வரும் சத்தம் இல்லை.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"பாலுசாமி, நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். என் பேரு..."

கையைப் பிடித்தேன்.

சுட்டது. பல நாள் வெயிலில் கிடந்த தகரம் மாதிரி சுட்டது. உதறிவிட்டேன்.

அவர் திரும்பவில்லை.

"தெரியுமுங்க, அஃபான்."

"அன்னிக்கு ஏனுங்க வரலை?"

இது அவர் எப்போதும் தட்டாத வரி.

ஓட வேண்டும் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன். அவர் ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்று, ஒதுங்கி, எனக்கு வழி விட்டார்.

"அம்மாகிட்டச் சொல்லுங்க. வந்துட்டீங்கன்னு."

உள்ளே போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. கூடத்தில் ஒரு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பழனியாத்தாள் என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. யார் என்று கேட்டார். பாலுசாமியின் சிநேகிதன், கோயமுத்தூர் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"நீங்கதான் அந்தக் கண்ணனுங்களா?"

"ஆமாங்க" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"இப்பத்தான் வந்தீங்களா கண்ணு?"

அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் மகனோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார்.

"ரெண்டு மணி பஸ்ஸு, மூணு மணி பஸ்ஸு, நாலு மணி பஸ்ஸு... எறங்கற ஒவ்வொருத்தரு மொகத்தையும் பாத்தானுங்க. நெழலுக்கு வா சாமின்னேன். அப்புறம் அவரு என்னைய எப்படிக் கண்டுபுடிப்பாருன்னான். அஞ்சேகாலுக்கு அப்படியே மண்ணுல உழுந்துட்டானுங்க."

திங்கள் விடியற்காலை 4.10க்கு ஆஸ்பத்திரியில் உயிர் போயிருக்கிறது. ஆகஸ்ட் 9.

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கேட் திறந்திருந்தது. யாரும் இல்லை.

மூலையில் கம்ப்யூட்டர் துணி போட்டு மூடியிருந்தது. சவம் எடுத்த அன்றே போன் ஒயரைப் பிடுங்கிப்போட்டார்களாம். மெயில் வந்ததை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் காலில் விழுந்தேன். அவர் என் தலையில் கை வைத்து, நல்லா இருங்க என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். உம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். வெள்ளிக்கிழமை, 27ஆம் தேதி, தாமஸ் அண்ணனிடம் போனேன். அந்த மெயில்கள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்று பார்க்க முடியுமா என்று கேட்கத்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"ஏப்பா, உன்ற தாராபுரத்துக் கூட்டாளியோட சண்டையா?"

எந்தக் கூட்டாளி என்றேன்.

நீலக் கட்டம் போட்ட சட்டையாம். ஒல்லியாம். கண்ணன் எங்கே உட்காருவார் என்று வந்து கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இங்கே வருவதில்லை என்று தாமஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார். தினம் மதியம் ஒரு மணிக்கு வருவாரே, குடைக்கடைக்காரர் மகன் என்றதும், ஓ, நம்ம அஃபானா என்று இவர்தான் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"அன்னியிலிருந்து நீ வாரப்ப எல்லாம் நாலாம் நம்பர்ல இருந்தானே. உனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு பலகைதான். மெசினைத் தட்டறதும், தடுப்பு மேல எட்டி உன்னையப் பாக்கறதுமா இருந்தான். நீ திரும்பவே இல்லை."

வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். விரலை வைத்துக் காட்டினார். சின்னச் சின்ன எழுத்து.

பாலுசாமி, தாராபுரம். 10-8-99. வந்த நேரம் 1.05.

போன நேரம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.